காற்றும் அலையும் பலகையும்

காளஹஸ்தியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குடியிருக்கும் தமிழ் அன்பர்களுக்குக் கடலலையைப் பற்றிக் கூற என்ன இருக்கிறது என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். இவ்வூர் மலையும் ஆறும் கோயிலும் கொண்ட ஊர், கடற்கரை ஊரன்று. ஆயினும் ஒரு தொடர்பு உண்டு. ஐம்பூதத் தலங்களுள் காஞ்சி மண்ணுக்கும், திருவானைக்கா நீருக்கும், திருவண்ணாமலை தீக்கும், தில்லை வானுக்கும் உரியன. காளத்தி காற்றுக்கு உரியது. கருவறையில் காற்றுப் புக வழியில்லாத இடத்திலும் விளக்கின் சுடர் ஒன்று ஓயாது அசைவதை அடியார்கள் சுட்டிக்காட்டுவர். அத்தகைய காற்றின் தலத்தை ஒட்டி ஓடும் சுவர்ணமுகி, தமிழ் நூல்கள் பொன்முகலி எனப் போற்றும் அதே ஆறு, கிழக்கு நோக்கிச் சென்று வங்கக் கடலில் கலக்கிறது. நேர்க்கோட்டில் அளந்தால் கடல் நமக்கு 50, 60 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. அக்கடலில் நாம் நாள்தோறும் காணும் அலைகளெல்லாம் காற்றின் குழந்தைகளே.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அலைச்சறுக்கு. அதாவது, கரையை நோக்கி வரும் அலையின் முகத்தில் ஒரு பலகையின்மீது நின்று சறுக்கி வரும் கலை. தொலைவிலுள்ள தீவுகளில் செல்வர் பொழுதுபோக்கும் விளையாட்டு இது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. நம் மீனவரின் அன்றாடத் தொழிலோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. மேலும், இக்கலையைக் கற்பவன் முதலில் கற்பது அலையைப் படிப்பதை. அலையைப் படிக்கத் தெரியாமையால் ஆண்டுதோறும் விடுமுறை நாட்களில் எத்தனையோ இளம் உயிர்கள் நம் கரைகளில் மடிகின்றன. பிற மாநிலங்களில் உள்நாட்டு ஊர்களில் வளரும் நம் பிள்ளைகள் கடலை ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ மட்டுமே காண்கின்றனர். ஆகையால் இந்த அறிவு மற்ற எவரைக் காட்டிலும் அவர்களுக்கே மிகுதியும் வேண்டும்.

அலை எவ்வாறு பிறக்கிறது என்பதை முதற்கண் நோக்குவோம். அமைதியான நீர்ப்பரப்பின்மீது காற்று உராயும்போது சிறு சுருக்கங்கள் எழுகின்றன. சுருக்கம் எழுந்தபின் காற்றுக்குப் பிடிப்பு மிகுகிறது. சுருக்கம் வளர்ந்து அலையாகிறது. அலையின் அளவை மூன்று காரணங்கள் முடிவு செய்கின்றன. காற்றின் வேகம் ஒன்று. அது எவ்வளவு நேரம் இடையறாது வீசுகிறது என்பது மற்றொன்று. எவ்வளவு தொலைவுக்குத் தடையற்ற நீர்ப்பரப்பின்மேல் வீசுகிறது என்பது மூன்றாவது. ஏரியில் எத்துணைப் பெருங்காற்று அடித்தாலும் கடலலை எழாமைக்கு இந்த மூன்றாவதே காரணம்.

புயல் வீசிய இடத்தில் தாறுமாறாக எழும் அலைகள் அவ்விடத்தை விட்டு அகன்று செல்லச்செல்ல ஒழுங்குபடுகின்றன. நீண்ட அலைகள் விரைந்து முன்னே செல்ல, குறுகியவை பின்தங்கிச் சோர்கின்றன. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 10 விநாடி உள்ள வரிசையை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அவற்றின் முகடுகளுக்கு இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ 156 மீட்டர். ஒவ்வொரு முகடும் செல்லும் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். இடைவெளி 16 விநாடியாயின் வேகம் இன்னும் மிகும். ஆயினும் அலைக்கூட்டம் முழுவதும் முன்னேறும் வேகம் தனி முகட்டின் வேகத்தில் பாதியே என்பது இயற்பியல் விதி. அந்தக் கணக்கின்படி 16 விநாடி அலைக்கூட்டம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் செல்கிறது. இந்துமாக்கடலின் தென்கோடியில் இன்று வீசும் புயலின் செய்தி, காற்றே இல்லாத ஒரு நாளில் நம் கரையில் வந்து மோதுவது இவ்வாறே. கேரளக் கரை மக்கள் முன்னறிவிப்பின்றி வரும் அத்தகைய எழுச்சியைக் கள்ளக்கடல் என வழங்குவர். வானம் தெளிந்திருக்கத் திருடனைப்போல் கரையேறுவதால் அப்பெயர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அலையோடு நீரும் அத்தனை தொலைவு வருகிறதா? இல்லை. நெல் விளைந்த வயலில் காற்று வீசும்போது அலையலையாக ஓர் அசைவு வயலின் ஒருகோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுகிறது. நாற்றுகளோ நின்ற இடத்திலேயே நின்று தலையசைக்கின்றன. கடலிலும் அவ்வாறே. அலை கடக்கும்போது நீர்த்துளி ஒரு வட்டமிட்டுத் தன் பழைய இடத்துக்கே ஏறத்தாழத் திரும்புகிறது. ஆழ்கடலில் மிதக்கும் தேங்காய் மட்டை ஏறி இறங்குமேயன்றி அலையோடு ஓடிவிடாது.

கரையை அணுகியதும் இந்நிலை மாறுகிறது. அலையின் நீளத்தில் பாதியளவுக்கு ஆழம் குறைந்ததும் கடலின் தரை அலைக்குத் தட்டுப்படத் தொடங்குகிறது. 156 மீட்டர் நீளமுள்ள அலைக்கு 78 மீட்டர் ஆழத்திலேயே தரை தெரிந்துவிடும். அங்கிருந்து அலையின் வேகம் குறைகிறது, முகடுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, உயரம் வளர்கிறது. ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே மிகுந்திருக்கும் இடத்தை அடைந்ததும் முகடு தன் அடியை முந்திச் சரிந்து உடைகிறது. 1 மீட்டர் அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் நீரில் உடையும் என்பது பொதுக்கணக்கு. ஆதலால் கரையில் நின்று அலை உடையும் இடத்தைக் கண்டே அங்குள்ள ஆழத்தை ஒருவாறு உணரலாம்.

உடையும் விதமும் ஒன்றல்ல. தரை மெல்லச் சரியும் கரையில் அலையின் தலையிலிருந்து நுரை சிறிது சிறிதாக வழிந்து நெடுநேரம் உருள்கிறது. சரிவு மிகுந்த கரையில் முகடு சுருண்டு வளைந்து ஒரேயடியாக விழுகிறது. கரை முழுவதும் ஒரே நொடியில் மடிந்து விழும் அலை சறுக்குவோனுக்குப் பயன்படாது. ஒரு முனையில் உடையத் தொடங்கி, சீலையின் மடிப்பு விரிவதுபோல் மறுமுனை வரை வரிசையாக உடைந்துகொண்டே செல்லும் அலையே அவனுக்கு வேண்டும். உடையும் நுரைக்கு முன்னே, இன்னும் உடையாத பசிய நீர்ச்சரிவில் அவன் பக்கவாட்டில் ஓடுகிறான். மலைச்சரிவில் உருளும் கல்லைப்போல் அவனை இழுப்பது புவியின் ஈர்ப்பே. ஆனால் அவன் காலடியிலுள்ள சரிவு தானும் முன்னோக்கி ஓடிக்கொண்டிருப்பதால் அவன் அடிவாரத்தை அடைவதில்லை. அதுவே இக்கலையின் இரகசியம்.

இக்கலையைச் செம்மையாக வளர்த்தவர்கள் பசிபிக் பெருங்கடலின் தீவினர். அவர்களுள் ஹவாய் மக்கள் தலைசிறந்தவர். அவர்கள் மொழியில் இதற்கு வழங்கும் சொல்லின் பொருள் அலையில் சறுக்குதல் என்பதே. நம் தமிழ்ச்சொல்லும் அதுவே குறிப்பது மகிழ்ச்சிக்குரிய ஒற்றுமை. கப்பித்தான் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தில் உடன்சென்ற ஜேம்ஸ் கிங் என்னும் அதிகாரி, 1779-இல் ஹவாயில் தாம் கண்ட அலைச்சறுக்கை வியந்து எழுதிவைத்தார். அரசரும் குடிகளும், ஆண்களும் பெண்களும் அங்கே பலகையேறினர். பலகைக்குப் பயன்பட்ட மரங்களுள் ஒன்று வில்லிவில்லி. அது நம் வீட்டுக் கொல்லைகளில் வளரும் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்தது.

ஐரோப்பியர் வருகையோடு வந்த நோய்களால் ஹவாயின் மக்கள் தொகை பெரிதும் குன்றியது. 19-ஆம் நூற்றாண்டில் வேற்று நாட்டார் கொணர்ந்த புதிய பழக்கங்களும் இவ்விளையாட்டை ஒதுக்கின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் தளிர்த்தது. அதற்குத் துணைநின்றவருள் முதன்மையானவர் ட்யூக் கஹானமோகு. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலும் 1920-ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிலும் 100 மீட்டர் நீச்சலில் தங்கப்பதக்கம் வென்ற இந்த ஹவாய் வீரர், 1914-ஆம் ஆண்டின் இறுதியில் சிட்னி நகரின் கடற்கரையில் பலகையேறிக் காட்டி ஆஸ்திரேலிய மக்களைக் கவர்ந்தார். அவர் காலத்துப் பலகைகள் கெட்டியான மரத்தாலானவை. ஒருவர் தூக்கவே வலிமை வேண்டும். 1935-ஆம் ஆண்டளவில் டாம் பிளேக் என்னும் அமெரிக்கர் பலகையின் அடியில் மீனின் செதிள்போன்ற ஒரு துடுப்பைப் பொருத்தினார். பலகை சொன்ன திசையில் திரும்பலாயிற்று. 1950-களில் மரத்துக்குப் பதிலாக இலேசான நுரைப்பொருள் வந்தது. 1970-களில் பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு வழக்கிற்கு வந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

ஹவாயைப் பற்றிக் கேட்கும்போது நம் கரையில் அத்தகைய திறமை இருந்ததில்லையோ என்று எண்ண வேண்டுவதில்லை. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. ஆண்டு முழுவதும் அலை உடையும் திறந்த மணற்கரையே எங்கும் காண்பது. இக்கரையில் வாழ்ந்த மீனவர் நாள்தோறும் இருமுறை அந்த அலைவரிசையைக் கடந்தாக வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட கருவி கட்டுமரம். மிதப்பு மிகுந்த மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்த அவ்வளவே அது. அதற்குள் நீர் புகுந்து மூழ்கிவிடும் என்ற அச்சமில்லை. ஏனெனில் அதற்கு உள் என்பதே இல்லை. அலை அதன்மேல் ஏறி வழிந்து போய்விடும். கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் பிணைப்பை அவிழ்த்து மரங்களைக் கரையில் உலரவைக்கலாம்.

கடலுக்குள் செல்லும்போது அலைகளின் இடைவேளை பார்த்துத் துடுப்பிட வேண்டும். திரும்பும்போதோ, பின்னால் வரும் அலைகளுள் தக்கதைத் தேர்ந்து, அது தூக்கும் கணத்தில் வலித்து, அதன் முதுகிலேறிக் கரையில் வந்து இறங்க வேண்டும். பலகையேறும் இளைஞன் செய்வதும் இதனையேயன்றி வேறன்று. அவன் விளையாட்டுக்குச் செய்கிறான். மீனவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தார். 1697-இல் வெளிவந்த வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடியின் பயண நூல் கட்டுமரத்தைக் குறிப்பிடுகிறது. அத்தமிழ்ச்சொல் ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் நிலைத்துவிட்டது. இன்று அச்சொல்லால் உலகம் குறிப்பது இரட்டை உடல்கொண்ட வேறுவகை மரக்கலத்தை. பெயர் மட்டும் நம் மீனவருடையது.

காளஹஸ்தி வாசிகள் அறிந்து மகிழத்தக்க ஒரு வரலாறும் இதனோடு தொடர்புடையது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பார் சென்னையில் கோட்டை கட்டிக்கொள்ள உரிமை பெற்றது தாமர்ல வேங்கடாத்திரி நாயகரிடமிருந்து. தாமர்ல வம்சத்தாரே பின்னாளில் காளஹஸ்தி ஜமீன்தார்களாக விளங்கினர். நாயகரின் தந்தையார் சென்னப்பர் பெயராலேயே சென்னப்பட்டணம் என்ற பெயர் எழுந்தது. அவ்வாறு கிடைத்த கரையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மனிதரும் சரக்கும் அலைகளைக் கடந்தே கரைசேர வேண்டியிருந்தது. அதற்குப் பயன்பட்டது மசூலாப் படகு. ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெளிந்துகொடுக்கும். அருகில் கட்டுமரங்கள் துணைசெல்லும். படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தவரைக் கட்டுமரக்காரர் பாய்ந்து மீட்பர். கப்பலுக்குரிய கடிதங்களைத் தலைக்குல்லாயில் நனையாமல் வைத்து அலைகளைக் கடந்து சேர்ப்பித்தவரும் அவர்களே. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெருநகரின் வாணிகம் முழுவதும் இம்மீனவரின் அலையறிவை நம்பியே நடந்தது.

1870-களில் சென்னையில் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல் அதன் சுவர்களைத் தகர்த்தது, மீண்டும் கட்டினர். அதன் விளைவு ஒன்றை இங்கே கூறுதல் வேண்டும். நம் கிழக்குக் கரையில் அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து இன்றைய அகன்ற மெரீனாக் கடற்கரை உருவாயிற்று. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. 1980-களின் இறுதியில் புதுச்சேரியில் எழுந்த துறைமுகச் சுவர்களாலும் அவ்வாறே வடபுறக் குப்பங்கள் கரையை இழந்தன. அலையை அறியாது கடலில் கல்லிட்டால் அதன் துன்பம் அயலூரானுக்குச் சேர்கிறது.

இனி, இக்கலைக்குப் பெயர்பெற்ற அமைதியான தீவுக் கரை ஒன்றைப் பார்ப்போம். இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலை அடுத்துள்ளது அறுகம் குடா. தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களரும் வாழும் பகுதி அது. ஒருபுறம் களப்பு, மறுபுறம் பிறைபோல் வளைந்த மணற்கரை, தென்கோடியில் கடலுள் நீண்ட ஒரு பாறைமுனை. அங்கிருந்து தெற்கே பாணமை வழியாகச் சென்றால் ஒகந்தை முருகன் கோயில் வரும். அதற்கப்பால் குமண வனம். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் தொன்றுதொட்டு நடக்கும் வழி அதுவே.

அறுகம் குடாவின் அலை உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பும் காற்றின் பருவமுமே. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்துமாக்கடலின் தெற்கிலிருந்து நீண்ட அலைகள் வருகின்றன. அவை பாறைமுனையைத் தொட்டதும் அம்முனையைச் சுற்றி வளைந்து, ஒரு முனையிலிருந்து வரிசையாக உடைந்து குடாவுக்குள் நுழைகின்றன. நல்ல நாளில் ஒருவன் ஒரே அலையில் சில நூறு மீட்டர் சறுக்கலாம். அதே பருவத்தில் கிழக்கிலங்கைத் தமிழர் கச்சான் என வழங்கும் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எதிர்முகமாக வீசும் அக்காற்று அலையின் முகத்தை வழவழப்பாக்கி, அது உடையும் நேரத்தையும் சற்றுத் தாழ்த்துகிறது. நவம்பரில் பருவம் மாறி வடகீழ்க் காற்று வீசத் தொடங்கியதும் கிழக்குக் கரை கொந்தளிக்கும். அப்போது அலைச்சறுக்குவோர் தீவின் தென்மேற்கே வெலிகம, ஹிக்கடுவ முதலிய கரைகளுக்குச் செல்வர். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று காற்றுக்கு நாற்றிசையாலும் பெயரிட்ட நம் முன்னோருக்கு இந்தப் பருவமாற்றம் புதிதன்று.

அந்த அமைதியான கரையும் பெருந்துயரைக் கண்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அறுகம் குடாவைச் சூறையாடியது. உயிர்களும் வீடுகளும் படகுகளும் அழிந்தன. களப்பின்மீதுள்ள பாலம் சேதமுற்றது. அமெரிக்க உதவியுடன் கட்டிய புதிய பாலம் 2008-இல் திறக்கப்பட்டது. ஆழிப்பேரலை காற்றின் குழந்தையன்று. கடலடி நிலநடுக்கத்தின் விளைவு. காற்றலையில் மேற்பரப்பு நீரே அசைகிறது. ஆழிப்பேரலையிலோ கடலின் அடிவரை நீர் முழுவதும் அசைகிறது; அதன் நீளம் பல கிலோமீட்டர்களாக அளவிடத்தக்கது. ஆகவே எத்துணைத் தேர்ந்தவனும் அதன்மேல் பலகையேற இயலாது. கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுநிலத்துக்கு ஓடுவதொன்றே வழி.

நம் நாட்டில் புதிய முறையிலான அலைச்சறுக்கு அண்மைக் காலத்தில் வேரூன்றியது. 2004-இல் ஜாக் ஹெப்னர் என்னும் அமெரிக்கத் துறவி கர்நாடகத்தின் முல்கியில் ஓர் ஆசிரமம் அமைத்து இளைஞருக்கு இதனைக் கற்பித்தார். சென்னைக்குத் தெற்கே கோவளம் என்னும் மீனவக் கிராமத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவ இளைஞர், உடைந்த மரப்பலகை ஒன்றில் தாமே பயின்றவர். பின்னர் 2012-இல் அருண் வாசு என்பாரின் துணையோடு அங்கு ஒரு பயிற்சிப் பள்ளி எழுந்தது. குப்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே பயின்று, பயிற்றுநராகவும் உயிர்காப்போராகவும் போட்டி வீரராகவும் உயர்ந்தனர். கடலில் மீன்வளம் குன்றிவரும் காலத்தில், தந்தையர் தந்த கடலறிவைக் கைவிடாமலே பிழைப்புக்கு மற்றொரு வழி கிடைத்தது சிறிய பயனன்று. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டிகள் மாமல்லபுரத்தில் நடந்தபோது இந்திய வீரர் ரமேஷ் பூதிஹால் ஆடவர் பிரிவில் வெண்கலம் வென்றார். நம் நாட்டுத் தீவுகளுள் சிறிய அந்தமானின் பட்லர் விரிகுடா இவ்விளையாட்டுக்கு ஏற்ற தனிமையான கரையெனப் பெயர்பெற்றுள்ளது. நமக்கு மிக அருகில் புலிகாட் ஏரிக்கும் கடலுக்கும் இடையேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவும் அமைதியான தீவுதான். ஆனால் அது விண்கலம் ஏவும் தளமாதலால் விளையாட்டுக்கு உரியதன்று.

கற்கும் முறை எளிதில் விளங்குவதே. தொடங்குவோருக்கு 8, 9 அடி நீளமுள்ள மெத்தென்ற பலகை ஏற்றது. நீளம் மிகுந்தால் தள்ளாட்டம் குறையும். முதலில் மணலிலேயே பலகையில் குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, ஒரே எழுச்சியில் எழுந்து பக்கவாட்டில் நிற்கப் பழகுவர். பின்பு இடுப்பளவு நீரில், உடைந்துவரும் வெண்ணுரையில் பயில்வர். அலை பலகையைத் தூக்கும் கணத்துக்குச் சற்று முன்னரே கைகளால் நீரைத் தள்ளி வேகம் பெற வேண்டும். நின்ற பலகையை அலை விட்டுவிட்டுப் போய்விடும், ஓடும் பலகையையே கூட்டிச்செல்லும். நீச்சல் அறியாதவன் இதனைத் தொடங்கலாகாது, தனியே செல்லலுமாகாது.

இப்போது மிகவும் இன்றியமையாத பகுதிக்கு வருகிறோம். அலைகள் கரைமேல் கொண்டுவந்து குவிக்கும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது கரை முழுவதிலும் சமமாகத் திரும்புவதில்லை. மணற்றிட்டுகளுக்கு இடையே ஆழமான வாய்க்கால் ஒன்று கிடைத்தால் அதன்வழியே ஒன்றுதிரண்டு கடலை நோக்கிப் பாய்கிறது. இதுவே கடல் இழுப்பு. அதன் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்களே. வேகமோ சிலபோது விநாடிக்கு 2 மீட்டர் வரை ஏறும். ஒலிம்பிக் வீரனும் அதனை எதிர்த்து நீந்தி வெல்வது அரிது.

இதில் கொடிய வஞ்சனை ஒன்று உண்டு. வாய்க்காலில் ஆழம் மிகுதியாதலால் அங்கே அலை உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவே மட்டும் நீர் அமைதியாகத் தோன்றும். கடலை அறியாத குடும்பம் குழந்தைகளைக் குளிப்பாட்ட அந்த அமைதியான இடத்தையே தேர்ந்தெடுக்கிறது. உண்மையில் அக்கரையிலேயே ஆபத்து மிகுந்த இடம் அதுதான். பலகையேறத் தெரிந்தவனோ அதனை ஒரு பார்வையில் கண்டுகொள்கிறான். கடலுக்குள் எளிதில் செல்ல அதனையே பாதையாகக் கொள்கிறான். ஒரே நீரோட்டம் அறிந்தவனுக்கு வழி, அறியாதவனுக்கு மரணம்.

2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். தென்கடலிலிருந்து நீண்ட அலைகளின் எழுச்சி வரும் என்று எச்சரிக்கை வெளியாகியிருந்த நாட்கள் அவை. கல்வியில் குறைந்தவரல்லர் அம்மாணவர். கடலைப் பற்றிய இந்தச் சிறு அறிவு நம் நாட்டில் பள்ளியிலும் வீட்டிலும் ஒருவருக்கும் முறையாகச் சொல்லப்படுவதில்லை என்பதே குறை.

ஆதலால் பின்வருவனவற்றைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நலம். கரையை அடைந்ததும் நீரில் இறங்காமல் 10 நிமிடம் நின்று பார்க்க வேண்டும். நுரையற்ற கருநிறப் பட்டை எங்கேனும் கடலை நோக்கி நீண்டிருக்கிறதா, கலங்கிய நீரும் குப்பையும் வெளிநோக்கி மிதந்து போகின்றனவா என்று காண வேண்டும். அவ்விடத்தையும், ஆற்று முகத்துவாரத்தையும், கல் அணைக்கரை அருகையும் விலக்க வேண்டும். அவ்வூர் மீனவர் ஒருவரை, “ஐயா, இங்கே குளிக்கலாமா?” என்று கேட்பதில் தாழ்வில்லை, அவர் சொல் எந்தப் பலகை அறிவிப்பினும் நம்பத்தக்கது. உயிர்காப்போர் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளை நட்டிருந்தால் அவற்றுக்கு இடையே மட்டும் இறங்க வேண்டும்.

இழுப்பில் அகப்பட்டால் செய்ய வேண்டுவது யாது? அது மனிதனை அடியில் அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டுசெல்லவே செய்கிறது. மடிவோர் பெரும்பாலும் அதனை எதிர்த்துப் போராடிக் களைத்தே மடிகின்றனர். ஆகவே பதறாமல் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த வல்லவர் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்து, அந்த நுரையோடு கரைசேர வேண்டும். கரையில் நிற்பவர் துணிவு கொண்டு பின்னால் குதிப்பது பலமுறை இரண்டாம் சாவுக்குக் காரணமாகியுள்ளது. மூடியிட்ட காலி நெகிழிக் குடம், காற்றடைத்த வண்டிச் சக்கரக் குழாய், நீண்ட கயிறு என மிதப்பதும் எட்டுவதுமான எதையேனும் வீசுவதே முறை.

ஹைதராபாத்தில் 1999-இல் நிறுவப்பெற்ற இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், அலையின் உயரம், கள்ளக்கடல் எழுச்சி ஆகியவற்றைப் பற்றிய முன்னறிவிப்புகளை வெளியிட்டுவருகிறது. நாம் வாழும் ஆந்திரக் கரைக்கும், உறவினரைக் காணச் செல்லும் தமிழ்நாட்டுக் கரைக்கும் அது பொருந்தும். மழை வருமா என்று கேட்டு வெளியே கிளம்புவதுபோல், கடற்கரைக்குக் கிளம்புமுன் இதனையும் கேட்டறியும் வழக்கம் நம் இல்லங்களில் வரவேண்டும். மாசி மகத்துக்கோ பொங்கல் விடுமுறைக்கோ குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்லும் அன்பர்கள், அடுத்தமுறை பிள்ளைகளை நீருக்கு அழைத்துச் செல்லுமுன் மணலில் அமரவைத்து, அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை, ஏன் என்று அவர்களையே சொல்லச் சொல்லிக் கேட்பார்களாக.